இருபத்தேழு வருஷத்து நீலக் கோடு

பீப் அக்காவை மட்டும் ஏமாற்ற முடியாது என்று அந்தத் தொழிற்சாலையில் ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் சொன்னது யாரென்று தெரியவில்லை. அக்காவே கிளப்பிவிட்டிருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை, அவ்வளவு பெருமை அவளுக்கு.

இரும்புத் தகடு அடிக்கிற இடம். அங்கே பத்து வருஷம் வேலை பார்த்தவனிடம் ரகசியம் சொன்னால் தெருவுக்கே கேட்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரும் காதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது சட்டம். மருத்துவப் பிரிவில், எக்ஸ்ரே அறைக்கும் கட்டுப் போடும் அறைக்கும் நடுவில், காதுப் பரிசோதனை அறை. அறைக்குள் இன்னொரு சின்ன அறை, கனத்த கதவோடு, ஒரு நாற்காலி மட்டும் கொள்கிற அளவுக்கு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளியே கொலையே நடந்தாலும் கேட்காது. தலையில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்து, மெஷினில் "பீப், பீப்" என்று சத்தத்தை அனுப்புவாள்.

"கேட்டா அமுக்குங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க, சந்தேகமா இருந்தாலும் அமுக்குங்க" என்று ஒரே மூச்சில் சொல்வாள். உள்ளே இருப்பவர் பட்டனை அமுக்கினால் அவள் மேஜையில் ஒரு சின்ன விளக்கு எரியும். வலது காதுக்குச் சிவப்புக் கோடு, இடது காதுக்கு நீலக் கோடு. கோடு மேலே போனால் காது நன்றாக இருக்கிறது, கீழே இறங்கினால் காது போய்க்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் வித்தை.

ஆனால் அக்காவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மற்ற இடங்களில் இந்த வேலை பார்ப்பவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்காரச் சொல்வார்கள். அவள் நேருக்கு நேர் உட்கார வைப்பாள். "பூட்டின பெட்டிக்குள்ள உக்காந்திருக்கிற மனுஷனுக்கு எதிர்ல ஒரு முகம் தெரிய வேண்டாமா?" என்பது அவள் கட்சி. பயிற்சியில் ஒரு தடவை கண்டித்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வழக்கத்தால்தான் தனக்குக் கல்யாணமே ஆனது என்று அவள் சொல்லித் திரிவாள். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் கிரேன் ஓட்டும் வேலைக்கு ஒருவர் வந்தார். மேலே, கூரைக்கடியில் ஓடுகிற கிரேன். கீழே நிற்பவன் விசில் அடித்தால் அது கேட்டால்தான் பாரத்தை நிறுத்த முடியும், ஆகவே காது சுத்தமாக இருக்க வேண்டும். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இருபது நிமிஷம் கண் இமைக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி ஒருத்தர் என்னை அதுக்கு முன்னாடியும் பார்த்ததில்லை, பின்னாடியும் பார்த்ததில்லை" என்பாள் அக்கா. இதை அவள் நாத்தனார் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பாள். மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரும் கேட்டார்கள். கிரேன்காரரோ அந்தக் கதை வரும்போதெல்லாம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். வெட்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கதையில் சொல்லாமல் விடுகிற பக்கம் ஒன்றும் உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதே கிரேன் இறக்கிய தகட்டுக் கட்டு, கீழே குனிந்து நின்ற ஒரு ஃபிட்டரின் முழங்காலில் உட்கார்ந்தது. கீழே விசில் வேலையில் இருந்தவன், "மூணு தடவை அடிச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தான். கிரேன்காரர், "எனக்கு விசில் கேக்கலை" என்றார். சுற்றி நின்றவர்கள் மெஷின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். விசாரணை மேஜையில் பீப் அக்காவின் ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார்கள். பதினெட்டு வருஷம், பதினெட்டுப் பரிசோதனை, இரண்டு காதும் நார்மல், கீழே அவள் கையெழுத்து. இவ்வளவு நல்ல காதுக்கு விசில் கேட்கவில்லை என்றால் விசில் அடிக்கப்படவில்லை என்று தீர்ப்பாகிவிட்டது.

அவனிடமிருந்து விசிலைப் பிடுங்கிக்கொண்டு கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து முற்றம் பெருக்குகிறான். "ஊமை விசில்" என்று பெயரும் வைத்தார்கள். அக்காவும் அப்படித்தான் கூப்பிட்டாள், நேரில் அல்ல, பேச்சுவாக்கில். வருஷா வருஷம் பரிசோதனைக்கு வருவான், ஒரு வார்த்தை பேசாமல் உட்காருவான், முடிந்ததும் போய்விடுவான். தப்புச் செய்தவனுக்கு இவ்வளவு ரோஷமா என்று அக்காவுக்கு எரிச்சலாக இருக்கும்.

இந்த வருஷம் புது மெஷின் வந்தது. அதோடு ஒரு புதுப் பெண்ணும் வந்தாள், படித்து முடித்த கையோடு. அதோடு ஒரு புது விதியும் வந்தது. குடும்பத்து ஆளைக் குடும்பத்து ஆள் பரிசோதிக்கக் கூடாது. அக்கா அதில் குறை ஒன்றும் காணவில்லை. "எங்க வீட்டுக்காரரை நீயே பாரும்மா, அவர் காது கண்ணாடி மாதிரி" என்று புதுப் பெண்ணிடம் தள்ளிவிட்டாள்.

கிரேன்காரர் முதல் தடவை ஜலதோஷம் என்றார். இரண்டாம் தடவை குளிக்கும்போது காதில் தண்ணீர் போய்விட்டது என்றார். மூன்றாம் தடவை மேலே ஏற மாற்று ஆள் இல்லை என்றார். நான்காம் தடவை மேற்பார்வையாளரே கையைப் பிடித்து அழைத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனார். அக்கா பக்கத்து அறையில் பழைய ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அரைமணி நேரம் கழித்துப் புதுப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் வர்றீங்களா?"

அவள் கையில் இருந்த தாளில் சிவப்புக் கோடு மேலே ஒழுங்காக ஓடியது. நீலக் கோடு தாளின் அடியில் கிடந்தது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை, தொடக்கத்திலிருந்து கடைசிவரை தரையோடு தரையாக. மெஷின் போடக்கூடிய மிகப் பெரிய சத்தத்துக்கும் அந்தக் காதில் பதில் இல்லை.

அக்கா சிரித்தாள். "ஒயரை ஒழுங்காச் சொருகினியா?"

"ரெண்டு தடவை பார்த்துட்டேன் அக்கா."

அக்கா போய் ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டாள். இடது பக்கம் "பீப்" என்று தெளிவாகக் கேட்டது. ஒயரைக் கழற்றினாள், சொருகினாள், மறுபடி கேட்டாள். மறுபடியும் கேட்டது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திடீரென்று ஒரு காது அடியோடு போனால் அது என்னென்னவெல்லாமாக இருக்கலாம் என்று படித்தவள் அவள். உடனே மருந்து ஆரம்பிக்க வேண்டும், நாளாக ஆகக் காது திரும்பாது. தலைக்குள் கட்டியாகவும் இருக்கலாம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் முன்னால் போய் நின்றாள். "என்னங்க, எப்பலேருந்து? தலை சுத்துதா? காதுக்குள்ள இரைச்சல் இருக்கா? ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? எழுந்திருங்க, டாக்டர்கிட்டப் போகலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. "டாக்டர் வேண்டாம்மா."

"விளையாடாதீங்க. எத்தனை நாளா இப்படி?"

"நாள் இல்லை" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே, "அப்ப எனக்கு ஆறு வயசு" என்றார்.

அக்காவுக்கு முதலில் அது புரியவே இல்லை. காய்ச்சலில் பிதற்றுகிறாரோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி குளிர்ந்துதான் இருந்தது.

"பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. வீக்கம் வடிஞ்சப்ப இந்தக் காதும் போயிடுச்சு. எனக்கே ரொம்ப நாள் தெரியாது. பள்ளிக்கூடத்துல நர்சம்மா காதுச் சோதனைக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது. பின்னாடி நின்னுக்கிட்டு கைக்கடிகாரத்தைக் காதுகிட்டக் கொண்டுவருவாங்க, டிக் டிக்னு கேக்குதான்னு சொல்லணும். கேக்காத பசங்களை வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவாங்கன்னு பேசிக்கிட்டாங்க. எனக்குக் கேக்கலை. ஆனா வெயில் பின்னாலேருந்து அடிச்சுது, நர்சம்மா கையோட நிழல் சுவத்துல விழுந்துச்சு. நிழல் கிட்ட வந்தா கேக்குதுன்னேன், தள்ளிப் போனா கேக்கலைன்னேன். கெட்டிக்காரப் பையன்னு தட்டிக் குடுத்தாங்க."

"அங்க நிழல்" என்றாள் அக்கா. அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "இங்க நிழல் ஏது?"

புதுப் பெண்தான் கதவோரம் நின்றுகொண்டு விரலைப் பிசைந்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. வந்த அன்னைக்கே சொல்லணும்னு இருந்தேன், வயசுல பெரியவங்கன்னு விட்டுட்டேன். நீங்க சத்தம் அனுப்புறதுக்கு முன்னாடி புருவத்தைத் தூக்குறீங்க. ஒவ்வொரு தடவையும்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. தன் கை தானாக எழுந்து புருவத்தைத் தொட்டுப் பார்ப்பதை அவள் உணர்ந்தாள். இருபத்தொன்பது வருஷமாக அது அங்கே தன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பேர் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அலமாரியில் அவள் அடுக்கி வைத்த ஃபைல்களில் எது காது, எது புருவம்? யாருக்குத் தெரியும்?

ஆனால் மனுஷி மனம்தானே, முதலில் போய் நின்ற இடம் அதுவல்ல.

"அப்ப அன்னைக்கு என்னை அப்படிப் பார்த்தது?"

"வேலை வேணுமே."

புதுப் பெண் நாசூக்காக உள்ளே போய்விட்டாள். அக்கா பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள், உட்கார்ந்த பிறகுதான் அது அவருடைய இடது பக்கம் என்று உறைத்தது. உடனே எழுந்து மறுபக்கம் வந்தாள். வீட்டிலும் அப்படித்தான், அவர் எப்போதும் சுவரோரத்து நாற்காலியில், சுவர் இடது பக்கம் இருக்கும்படி. தெருவில் நடந்தாலும் அவளை வலது பக்கம் தள்ளிவிட்டு நடப்பார். வண்டி வருகிற பக்கம் அவர் நடந்து தன்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து அவள் பூரித்திருக்கிறாள். குழந்தை வீறிட்டு அழுதபோது எருமை மாதிரித் தூங்குகிறாரே என்று ஏசியிருக்கிறாள். நல்ல காதைத் தலையணைக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் மனுஷர். மகளுக்கு ஆறு மாதத்தில் அவளே கிலுகிலுப்பை ஆட்டிக் காது பார்த்தாள். குழந்தை இரண்டு பக்கமும் திரும்பியதும் இவர் தேம்பித் தேம்பி அழுதார். அப்பாவுக்குப் பாசம் என்று அதையும் ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

ஊருக்கே காது பார்த்தவளுக்கு வீட்டில் ஒரு காது செத்துக் கிடந்தது தெரியவில்லை.

"முதல்ல புருவத்தைத்தான் பார்த்தேன்" என்றார் அவர் மெதுவாக. "அதுக்குக் கீழ கண்ணு இருக்குன்னு பத்து நிமிஷம் கழிச்சுத்தான் பார்த்தேன். அது பொய்யில்லை."

வேறு நாளாக இருந்தால் அவள் அதற்குச் சிரித்திருப்பாள். இப்போது அந்தச் சிரிப்பு பாதி வழியில் வரும்போதே வேறொன்று குறுக்கே வந்து நின்றது.

"விசில்" என்றாள்.

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"விசில் அடிச்சானா, இல்லையா?"

"எனக்குக் கேக்கலை. மோட்டார் வலது பக்கம் ஓடிக்கிட்டிருந்துச்சு, அவன் இடது பக்கம் நின்னான். கேக்கலைன்னுதான் சொன்னேன். அது நிஜம்தானே?"

"அவன் அடிக்கவே இல்லைன்னு எழுதினாங்களே, அப்ப வாயைத் திறந்தீங்களா?"

"மேஜையில உன் ஃபைலை வச்சாங்க. பதினெட்டு வருஷமும் நார்மல்னு நீ எழுதியிருக்க. நான் வாயைத் திறந்தா உன் வேலையும்..."

"என் தலையில கட்டாதீங்க!" என்று கத்தினாள் அக்கா. எக்ஸ்ரே அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒம்போது வருஷம். தினமும் காலையில அவன் பெருக்கின முற்றத்துலதான் நடந்து வேலைக்குப் போறீங்க."

"அடிச்சிருப்பான்" என்றார் அவர் கைக்குள்ளிருந்தே. "மூணு தடவையும் அடிச்சிருப்பான்."

அவளுக்கு இந்த மனுஷரை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் தலையைப் பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "இன்னிக்கு மேல ஏறாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

"ஏறலை" என்றார் அவர். எழுந்து கேண்டீன் பக்கம் நடந்தார்.

உள்ளே புதுப் பெண் தாளை மேஜையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "அக்கா, இதை என்ன பண்றது? ஜலதோஷம்னு போட்டு அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைக்கணும்னா..." என்று இழுத்தாள். நல்ல பெண், மனசு இளகியவள். அவளுக்கு ஒன்பது வருஷத்துக் கதை தெரியாது.

அக்கா நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் தள்ளலாம். ஒயர் பழுது என்று எழுதலாம். கிரேன்காரரை அவராகவே வேறு வேலை கேட்டுக் கீழே இறங்கச் சொல்லலாம், முதுகு வலி என்று ஒரு காரணம் போதும். யாருக்கும் நஷ்டமில்லை. முற்றம் பெருக்குகிறவன் வழக்கம்போலப் பெருக்கிக்கொண்டிருப்பான். இத்தனையும் ஒரு நிமிஷத்துக்குள் அவள் மனசு கச்சிதமாகக் கணக்குப் போட்டு முடித்தது. அது அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்ததைக் கண்டு அவளுக்கே பயமாகிவிட்டது.

"அடுத்து யாரு?" என்று கேட்டாள்.

புதுப் பெண் வரிசைத் தாளைப் பார்த்தாள். "அந்த ஊமை..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். வந்து இரண்டே மாதமான பெண், அவளுக்கும் அந்தப் பெயர்தான் தெரிந்திருந்தது.

"அவரை நான் பார்க்கிறேன். நீ டீ குடிச்சிட்டு வா."

அவன் துடைப்பத்தை வெளியே சுவரில் சாய்த்துவிட்டு வந்தான். ஐம்பதைத் தொடுகிற வயசு, காதோரம் நரைத்திருந்தது. வழக்கம்போல அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சின்ன அறைக்குள் போனவன், புதுப் பெண் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருப்பதைக் கண்டு ஒரு கணம் நின்று, பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அக்கா ஹெட்போனை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

புருவத்துக்கு இனி வேலையில்லை. மெஷினைத் தானாக ஓடவிட்டாள், அதுவே சத்தத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. இரண்டு கோடும் ஒன்றையொன்று தொட்டபடி உச்சியில் ஓடின. அந்தத் தொழிற்சாலையில் இப்படி ஒரு காது அவள் பார்த்ததில்லை. விசிலை இவனிடம் கொடுத்ததே சும்மா இல்லை, யாரோ யோசித்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பரிசோதனை முடிந்தது. அக்கா எழுந்து கதவைத் திறக்க வேண்டும். அவள் எழாமல், உள்ளே இருப்பவரோடு பேசுகிற மைக்கை இழுத்துப் பிடித்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். ஜன்னலில் அவன் பிடரி அசையவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு இடது காது சின்ன வயசுலேருந்தே கேக்காது. எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும். இத்தனை வருஷமும் நான் எழுதினது தப்பு. அன்னைக்கு நீங்க விசில் அடிச்சிருக்கீங்க."

மேஜையில் விளக்கு எரிந்தது.

கை பட்டிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் விளக்கு அணையவில்லை. அவன் பட்டனை அமுக்கியபடியே உட்கார்ந்திருந்தான். பிடரி அசையவில்லை, தோள் மட்டும் மெல்லக் குலுங்கத் தொடங்கியது. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

கடைசியில் விளக்கு அணைந்தது. அவனே கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்தான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"நான் அடிச்சது எனக்குத் தெரியும்மா" என்றான். "அவருக்கும் தெரியும்தானே?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அவன் அந்தக் கனத்த கதவை ஒரு விரலால் தட்டிக் காட்டினான். "இந்தப் பெட்டிக்குள்ள சொன்னா வெளிய கேக்காதும்மா. சாப்பாட்டு நேரம் ஆச்சு, எல்லாரும் கேண்டீன்ல இருப்பாங்க. அங்க வந்து சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவன் நடந்தான். துடைப்பத்தை எடுத்துக்கொள்ளவில்லை, அது சுவரிலேயே சாய்ந்து கிடந்தது. அக்கா மேஜையிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னாலேயே போனாள்.

கேண்டீனில் இருநூறு பேராவது இருந்தார்கள். தட்டுச் சத்தமும் பேச்சுச் சத்தமும் கூரையை இடித்தன. பீப் அக்கா வாசலில் நிற்பதையும், பக்கத்தில் நிற்பவன் யார் என்பதையும் முதலில் ஓரிருவர் பார்த்தார்கள், பிறகு மேஜை மேஜையாகப் பேச்சு நின்றது. தூரத்து மூலையில், சுவர் இடது பக்கம் இருக்கும்படி, கிரேன்காரர் உட்கார்ந்திருந்தார். தட்டில் கை வைக்கவில்லை.

அவள் தாளை உயர்த்திப் பிடித்தாள். "எல்லாரும் கேளுங்க" என்றாள்.

மூலையில் அவர் நாற்காலியை இழுத்துத் திருப்பினார். இருநூறு பேர் பார்க்க, தலையைச் சாய்த்து, வலது காதை அவள் பக்கமாகக் கொடுத்தார்.